முள்ளியவளையில் ஒரு நூற்பந்து

ஜப்பானின் ககாவா பகுதியில் செய்யும் தெமரிப் பந்தை அறுத்துப் பார்த்தால் நடுவில் இருப்பது உமி. வெளியே செவ்வந்திப்பூ, நட்சத்திரம், வலைப்பின்னல் என்று நூலால் இழைத்த கோலங்கள். உள்ளே மெல்லிய தாளில் பொதிந்த ஒரு பிடி நெல் உமி. இதை எங்கோ படித்த அன்றே எனக்கு வன்னிதான் நினைவுக்கு வந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் நெல்லும், மில்லுகளின் பின்பக்கம் குவிந்து கிடக்கும் உமியும் தெரிந்தவர்களுக்கு வேறு ஊர் நினைவுக்கு வராது. முள்ளியவளையில் ஓய்வுபெற்ற தையல் ரீச்சர் ஒருவர் தெமரி செய்கிறார், கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறார் என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி சொன்னாள். தொலைபேசியில் கேட்டேன். "வாங்கோ பிள்ளை. வரேக்கை கொஞ்சம் உமியும் நூலும் கொண்டு வாங்கோ" என்றார்.

வவுனியாவில் பஸ் ஏறினால் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ9 வீதி நேரே வடக்கே ஓடுகிறது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, வெயிலில் காத்து நின்ற காலம் என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். இப்போது வாகனங்கள் தாமாக நிற்கும் இடம் முறிகண்டி. பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம், கைக்கு ஒரு சுருள் கச்சான். வறுத்த சூடு ஆறாத அந்தக் கச்சானை உடைத்து முடிப்பதற்குள் கிளிநொச்சி வந்துவிடும்.

கிளிநொச்சியில் இறங்கியது நூலுக்காக. ஜப்பானியர் தெமரிக்கு எடுக்கும் முறுக்கிய பருத்தி நூல் இங்கே கிடைப்பது அரிது. ஆறு இழை அங்கர் நூல் போதும், மூன்று மூன்று இழையாகப் பிரித்துத் தைக்கலாம் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். பந்தில் கோடு பிரிக்கச் சரிகை நூல் வேண்டும். அது சேலைச் சட்டை தைக்கிறவர்கள் வாங்கும் கடைகளிலேயே இருந்தது. கடைக்காரப் பெண், என்ன தைக்கப் போகிறேன் என்று கேட்டார். கைபேசியில் படம் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, நூல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நெடுநேரம் தேடினார். அவருடைய தங்கை ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாளாம். மாஸ் நிறுவனம் கிளிநொச்சியில் வானவில், விடியல் என்ற பெயர்களில் தொழிற்சாலைகளைத் திறந்த பிறகு, விடியற்காலையில் வேலைக்கு ஆளேற்றும் பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய் வருகின்றன. அங்கே ஒருத்தி தோள்பட்டையை மட்டும் தைப்பாள், இன்னொருத்தி கைமடிப்பை மட்டும். முழுச் சட்டையையும் யாரும் தைப்பதில்லை. ஊசியை இவ்வளவு நன்றாக அறிந்த மாவட்டத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை ஒருத்தியின் கையாலேயே முடியும் பொருள் ஒன்று இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கந்தசுவாமி கோயிலடிக்கும் போனேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கிய இடம் அது. பதில் கிடைக்காமலே கண்ணை மூடிய தாய்மார் பலர். மகனுடைய படத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும் அந்தக் கைகளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு, வன்னியில் வேறு எதைப் பற்றி எழுதும்போதும் அவை ஞாபகத்தில் இருக்கும்.

பரந்தன் பக்கத்து மில் ஒன்றில் உமி கேட்டேன். எவ்வளவு என்று கேட்டார் ஒருவர். ஒரு பை என்றதும், உர மூட்டை அளவில் கட்ட ஆயத்தமானார். நெல் அவிக்கும் அடுப்புக்கே உமிதான் எரிபொருள். ஒரு கடதாசிப் பை உமிக்கு அந்த இடத்தில் விலை கிடையாது. சிரித்துக்கொண்டே சும்மா தந்தார்கள்.

பரந்தனிலிருந்து கிழக்கே திரும்பும் வீதி விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வழியாக வட்டுவாகலுக்குப் போகிறது. போர் முடிந்த 2009 மே வரையான மாதங்களில் இந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் உலகம் அறிந்துகொண்டது. அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சியால் உயிரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சியைக் காய்ச்சித் தெருவில் போகிறவர்களுக்கு ஊற்றுகிறார்கள். வட்டுவாகல் பாலத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல். மடியில் உமிப் பையை வைத்துக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்தேன்.

முள்ளியவளை கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். பக்கத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன்; வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரை ஊற்றி விளக்கெரிக்கும் கோயில். வித்தியானந்தாக் கல்லூரியைத் தாண்டி ஒரு ஒழுங்கைக்குள் ரீச்சரின் வீடு. விறாந்தையில் கால்மிதி சிங்கர் மெஷின், அதற்குப் பக்கத்தில் பாயில் காலை நீட்டியபடி சார்வோலையில் நீத்துப்பெட்டி இழைத்துக்கொண்டிருந்த அவருடைய தாய். எல்லோருக்கும் அவர் ஆச்சி.

ரீச்சருக்குத் தெமரி வந்த வழி நேரானது. போருக்குப் பின் ஜப்பானியத் தொண்டு நிறுவனங்கள் சில வடக்கில் வேலை செய்தன. பழைய சேலைகளைச் சேர்த்து, பெண்களைக்கொண்டு புதிய பொருள்களாகத் தைப்பித்து ஜப்பானில் விற்கும் முயற்சியைப் பார்சிக் என்ற அமைப்பு நடத்தியது பலருக்குத் தெரிந்திருக்கும். ரீச்சருக்குப் பழக்கமானவர் வேறு வேலையாக வந்த ஒரு ஜப்பானியப் பெண். ஓய்வு நேரத்தில் தன் தாய்க்காகப் பந்து தைப்பாராம். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஒருவர் தைக்க மற்றவர் பார்த்தார், பிறகு மற்றவர் தைக்க இவர் பார்த்தார்.

ரீச்சர் என் உமியை வாங்கி முதலில் சுளகில் போட்டுப் புடைத்தார். குறுநொய் ஒன்று உள்ளே போனாலும் வண்டு பிடிக்கும், பத்து வருஷம் இருக்கவேண்டிய பந்து பத்து மாதத்தில் கொட்டிப்போகும் என்றார். புடைத்த உமியை வெயிலில் காயவைத்து, பழைய நூற்சேலைத் துண்டில் ஒரு தோடம்பழ அளவுக்குப் பொதிந்து, மேலே கம்பளி நூலைச் சுற்றச் சொன்னார். கம்பளி மூடியதும் அதற்கு மேல் சாதாரணத் தையல் நூல், நூற்கட்டை முழுவதும் தீரும்வரை.

இந்தச் சுற்றுவதில்தான் பாதி வித்தை இருக்கிறது. ஒரே பக்கமாகச் சுற்றினால் உருண்டை நீளும். இறுக்கினால் பின்னால் ஊசி நுழையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தைக் கொஞ்சம் திருப்பவேண்டும், இடையிடையே இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டவேண்டும். "கோடு தெரியக் கூடாது பிள்ளை. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கோணும். எங்க தொடங்கினது எண்டு உங்களுக்கே தெரியாமல் போகோணும்" என்றார். கடைசியில் கையில் இருந்தது தொடக்கமும் முடிவும் காட்டாத, சற்று மெத்தென்ற, காதோரம் வைத்து அசைத்தால் உமி மெல்லச் சரசரக்கும் வெள்ளை உருண்டை.

இனி அதைப் பிரிக்கவேண்டும். தையலைவிட எனக்குப் பிடித்துப்போனது இந்த வேலை. அளவுகோல் கிடையாது, பாகைமானி கிடையாது. கொப்பித் தாளிலிருந்து விரல் நகத்தின் பாதி அகலத்தில் நீளமாக ஒரு கீற்று வெட்டிக்கொள்கிறோம். பந்தில் எங்காவது ஒரு குண்டூசி குத்துகிறோம். உருண்டையில் வடக்கு எங்கே என்று யாரும் எழுதி வைக்கவில்லை; ஊசி குத்திய இடம் வடக்கு. கீற்றின் நுனியை அந்த ஊசியில் மாட்டிப் பந்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபடி ஊசியைத் தொடும் இடத்தில் வெட்டுகிறோம். அந்தக் கீற்றை இரண்டாக மடித்தால் மடிப்பு விழும் இடம் தெற்கு. இன்னொருமுறை மடித்தால் கால் பங்கு, அது நடுக்கோடு. கீற்றை வேறு திசையில் திருப்பி மறுபடி வைத்துப் பார்க்கும்போது தெற்கு ஊசி ஒரு நூலிழை தள்ளிப் போயிருக்கும். அதைச் சரிபண்ணி, இன்னொரு திசையில் பார்த்து, மறுபடி சரிபண்ணி, எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் ஒரே தூரம் வரும்வரை விடக்கூடாது. ரீச்சர் இந்த இடத்தில் மட்டும் கண்டிப்பானவர். நடுக்கோட்டில் எட்டு ஊசி சம இடைவெளியில் நின்ற பிறகுதான் சரிகை நூலைத் தொடவிட்டார். வடக்கிலிருந்து தெற்கு, தெற்கிலிருந்து வடக்கு என்று நூல் ஓடி, எட்டுப் பொன்னிறக் கோடுகள் பந்தைத் தோடம்பழச் சுளைகளாகப் பிரித்தன.

அதுவரை ஓலையிலிருந்து கண்ணை எடுக்காத ஆச்சி, தாள் மடிப்பதைப் பார்த்துவிட்டு, "ஓலையும் இப்பிடித்தான். நடுவைக் கண்டாக் காணும், மிச்சம் தானா வரும்" என்றார். நீத்துப்பெட்டி கூம்பு வடிவம். அகன்ற வாயும் ஒடுங்கிய நுனியும் கொண்ட அந்தக் கூம்பை, ஒரு கோடும் கீறாமல், ஓலைகளின் எண்ணிக்கையாலும் மடிப்பாலும் மட்டும் அவர் வரவழைக்கிறார். கடகம் பொத்தும்போது சதுரமான அடி வட்டமான வாயாக மாறும். எங்கே மாறுகிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, கை போய்க்கொண்டிருக்கும். ககாவாவில் தெமரி செய்யும் கிழவியையும் ஆச்சியையும் ஒரு பாயில் உட்கார வைத்தால், பேச்சு இல்லாமலே ஒருவர் வேலை மற்றவருக்கு விளங்கிவிடும். வன்னிப் பெண்களுக்குக் கைத்தொழில் "கற்பிக்க" வருகிறவர்கள் முதலில் இந்த விறாந்தையில் கொஞ்சநேரம் உட்காரவேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

பிறகு தையல். செவ்வந்திப்பூக் கோலத்துக்குரிய தையலை ஜப்பானியர் உவாகாகே சிதோரி ககாரி என்கிறார்கள். சிதோரி, கொக்கிளாய் களப்புப் பக்கம் நாம் காணும் உப்புக்கொத்தி இனத்துப் பறவை. ஈரமணலில் அது விட்டுப்போகும் கால்தடம்போல நூல் வளைந்து வளைந்து போகிறது. பள்ளிக்கூடத்து மனையியல் பாடத்தில் மீன்முள் தையல் படித்தவர்களுக்கு அடிப்படை உடனே பிடிபடும். எட்டுக் கோடுகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கில், துருவத்துக்கு மிக அருகே ஒரு தையல். இடையிலுள்ள நான்கில், நடுக்கோட்டுக்குச் சற்று மேலே ஒரு தையல். நூல் மேலும் கீழுமாக இடமிருந்து வலம் நகர்கிறது. ஊசி மட்டும் ஒவ்வொரு கோட்டிலும் வலமிருந்து இடமாகச் சரிகைக்கு அடியால் நுழைந்து வருகிறது. இப்படி எதிர்த்திசையில் எடுப்பதால் நூல் தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு முனை உண்டாகிறது. ஒரு சுற்று முடிந்தால் நான்கு இதழின் எல்லை தெரியும்.

அடுத்த சுற்றில்தான் இந்தத் தையலின் அழகு. வெளிமுனையில் முந்திய நூலை ஒட்டி, அதற்குக் கீழே தைக்கிறோம். உள்முனையில், அதுவரை விழுந்த நூல்கள் எல்லாவற்றையும் ஊசியால் அள்ளி, அவற்றுக்குச் சற்றுக் கீழே எடுக்கிறோம். முந்திய சுற்றை ஒதுக்காமல் அதையும் சேர்த்துக்கொண்டே ஒவ்வொரு சுற்றும் வளர்கிறது. ஊசியின் கண் பக்கத்தை முன்னால் விட்டு நூல்களுக்கு அடியால் தள்ளினால் இழை பிய்ந்துபோகாது என்று ரீச்சர் காட்டினார். இந்த ஒரு விஷயம் எந்தப் படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. மற்ற நான்கு கோடுகளில் இன்னொரு நிறத்தை ஆரம்பித்து, இரண்டு நிறத்தையும் மாறி மாறித் தைத்துக்கொண்டு போனால் எட்டு இதழும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும். பந்தைத் தலைகீழாகத் திருப்பி, தெற்கிலும் அப்படியே. கடைசியில் நடுக்கோட்டைச் சுற்றி ஒரு பட்டி.

தைத்துக்கொண்டே ரீச்சரோடு பேசியதில் பாதி, பந்தைப் பற்றியது. சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது அரசவையினர் காலால் தட்டி விளையாடிய தோற்பந்து. கையால் விளையாடும் பந்து பின்னால் வந்தது. பழைய கிமோனோக் கிழிசல்களைச் சுருட்டி நூல் சுற்றித் தாய்மாரும் பாட்டிமாரும் பெண்பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்தார்கள். 1603 முதல் 1868 வரையான எடோ காலத்தில் பருத்தி நூல் சாதாரண வீடுகளுக்கும் எட்ட, பிரபுக்கள் வீட்டுக் கலை ஊருக்குள் இறங்கியது. ககாவாவின் பழைய பெயர் சனுகி. உப்பு, சீனி, பருத்தி மூன்றும் அந்த மண்ணின் வெள்ளைச் செல்வங்கள் எனப்பட்டன. அதனால்தான் அந்தப் பக்கத்துப் பந்து இன்றும் செடிச்சாயம் ஏற்றிய பருத்தி நூலில் வருகிறது. ரப்பர் பந்து வந்ததும் விளையாட்டு நின்றுபோனது, தையல் நிற்கவில்லை. மட்சுமோட்டோ நகரத்தில் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகளில்கூடத் தெமரிக் கோலம் வார்த்திருக்கிறார்கள்.

நம்மிடமும் பந்து இருந்தது. நற்றிணையின் 12ஆம் பாட்டு கயமனார் பாடியது. அதில் தலைவனோடு புறப்படத் துணிந்த பெண், தன் சிலம்பைக் கழற்றி, வரிந்து புனைந்த பந்தோடு சேர்த்து வைக்கிறாள். தான் போனபிறகு அவற்றைக் காண்கிற தோழியர் படப்போகும் வேதனையை எண்ணி அழுகிறாள். நூலால் வரிந்த பந்து சங்ககாலத் தமிழ்ப் பெண்ணின் கையில் இருந்திருக்கிறது என்பதைவிட, அதை அவள் விட்டுப்போகும் பொருளாகக் கவிஞர் கண்டதுதான் என்னை உலுக்குகிறது. பிள்ளை போய்விட, பிள்ளை தொட்ட பொருள் வீட்டில் இருக்கிறது. கிளிநொச்சித் தாய்மாரின் வீடுகளில் பள்ளிக்கூடக் கொப்பியும், சீருடையும், விளையாட்டுச் சப்பாத்தும் அப்படித்தான் இருக்கின்றன. இந்தப் பாட்டை ரீச்சருக்குச் சொன்னேன். ஊசியை நூலில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டார். தன் தங்கையின் மகனுடைய ஒரு சோடிச் செருப்பு அலுமாரிக்குள் இருக்கிறது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆச்சி எழுந்து போய்த் தென்னோலை இரண்டு கீற்று கிழித்து வந்தார். ஈர்க்கை உருவி, விரலில் சுற்றி, குறுக்கே செருகி, இழுத்து ஒரு ஓலைப்பந்தை என் மடியில் போட்டார். சதுரமும் உருண்டையும் கலந்த பந்து; ஊசி இல்லை, நூல் இல்லை, பசை இல்லை. சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் எறிந்து விளையாடியது. அதை இப்போது செய்யத் தெரிந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம் என்றார் ரீச்சர். அவர் வீட்டுக்குத் தெமரி பழக வரும் பெண்பிள்ளைகள் முதலில் ஆச்சியிடம் ஓலைப்பந்து பழகவேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஓலையில் கை படிந்தவர்களுக்குத் தாள் மடிப்பது உடனே வருகிறது.

இதை விற்கலாமா என்ற கேள்வி வராமல் வன்னியில் எந்தக் கைவேலையும் பேசி முடியாது. போருக்குப் பிந்திய வருடங்களில் எத்தனையோ பயிற்சிகள் வந்தன. சவர்க்காரம், பை, மெழுகுதிரி, சான்றிதழ், குழுப் படம். பயிற்சிக் காலம் முடிந்ததும் வாங்குவதற்கு ஆளில்லை, சாமான் மட்டும் மூலையில் தேங்கியது. ரீச்சரும் அப்படியொன்றில் பாடம் எடுத்தவர். செய்யக் கற்றுக்கொடுத்தவர்கள் விற்க வழி காட்டவில்லை என்ற குறை அவருக்கு இன்றும் தீரவில்லை. ஒரு தெமரிக்குப் பல நாளின் ஓய்வு நேரம் போகிறது. அந்த உழைப்பைக் கணக்குப் பார்த்து விலை சொன்னால் முல்லைத்தீவுச் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குறைத்துச் சொன்னால் கைக்கு அவமானம். "பாவப்பட்ட பொம்பிளையள் செய்தது எண்டு வாங்க வேண்டாம். வடிவா இருக்கு எண்டு வாங்கட்டும்" என்றார் ரீச்சர். அவர் கேட்பது நியாயம். தரத்துக்காகத் தேடி வாங்கும் கடைகள் கொழும்பிலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் உண்டு. அந்தக் கதவைத் தட்டவேண்டிய வேலை என்னைப்போலப் போய்வருகிற ஆட்களுடையது. முள்ளியவளையில் இருந்து தைக்கிறவரின் தலையில் அதையும் கட்டக்கூடாது.

மாலையில் ஒரு பிள்ளை சைக்கிளில் வந்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவள். செவ்வந்தி தைத்து அலுத்துப்போயிற்று, கார்த்திகைப்பூ தைக்கமுடியுமா என்று கேட்டாள். மாரி மழை விழுந்ததும் வன்னி வேலியெல்லாம் படர்ந்து பூக்கும் கொடி அது. இங்கே அது வெறும் பூவாக மட்டும் பார்க்கப்படுவதில்லை, விடுதலைப் புலிகளின் அடையாளமாகவும் பார்க்கப்படுகிறது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி அலங்காரத்தில் அதை வைத்ததற்கே வடக்கில் பொலிஸ் விசாரணை நடந்திருக்கிறது. ரீச்சருக்கு அது தெரியாததல்ல. சிறிது நேரம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"ஆறு இதழ்" என்றார் பிறகு. "எட்டாப் பிரிச்ச பந்து சரிவராது. புதுசா ஒண்டு சுத்து. தாளை இரண்டா மடிச்சு, அதை மூண்டா மடி."

மூன்றாக மடிப்பது இரண்டாக மடிப்பதைவிடக் கஷ்டம். கண்ணால் பிடித்து, தள்ளித் தள்ளிச் சரிக்கட்டவேண்டும். பிள்ளை மடித்துக்கொண்டிருக்க, நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பூவின் இதழ் அடியில் மஞ்சள், மேலே போகப்போகச் சிவப்பு. உள் சுற்றுகளை மஞ்சளில் தொடங்கி, நடுவில் செம்மஞ்சள் விட்டு, வெளிச் சுற்றுகளைச் சிவப்பில் முடிக்கலாம். இதழின் ஓரம் நெளிந்திருக்கவேண்டும் என்றாள் பிள்ளை. வெளிமுனைத் தையல்களை நேராக அடுக்காமல் ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்கலாம், ஜப்பான்காரியிடம் இதைக் கேட்டதில்லை, நாங்களே கண்டுபிடிக்கவேண்டியதுதான் என்றார் ரீச்சர். ஆச்சி பூவின் நுனி மேல்நோக்கி மடிந்திருக்கும் என்பதை மறக்கவேண்டாம் என்றார்.

சிவப்பு நூல் வீட்டில் முடிந்துவிட்டது. அடுத்தமுறை கிளிநொச்சியால் வரும்போது இரண்டு கட்டு எடுத்துவரச் சொல்லி, நிறத்தின் இலக்கத்தை ரீச்சர் ஒரு கீற்றுத் தாளில் எழுதித் தந்தார்.